தேடினால் வராத புத்தகம்

"அம்மா, என் புத்தகங்களை உயிரோடு புதைத்துவிட்டார்கள்."

சொல்லிவிட்டு மெய்கண்டான் தரையில் உட்கார்ந்தார். ஆசிரமத்தில் தியானத்தில் இருந்த அவருடைய குரு வடிவாம்பாள் அம்மையார் கண்களைத் திறந்தார்.

மெய்கண்டான் பதிப்பாளர். நாட்டிலேயே பெரிய இணையப் புத்தகக் கடை, புத்தக விலையில் தனக்குத் தரும் கழிவை இன்னும் கூட்டிக் கொடு என்றது. மறுத்தார். அதன்பின் அவர் பதிப்பித்த நூல்கள் எதுவும் அங்கே தேடினால் வரவில்லை.

"அவர்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால் திரும்ப வரும். ஆனால் எழுதியவருக்குக் கொடுக்க ஒன்றும் மிஞ்சாது. போடாவிட்டால் பதிப்பகத்தை மூட வேண்டியதுதான்."

"அவர்களிடம் அப்படி என்ன இருக்கிறது?"

"வாசகர்கள் எல்லாரும் அங்கேதான் இருக்கிறார்கள், அம்மா."

"பார்த்திருக்கிறீர்களா?"

"யாரை?"

"வாசகர்களை."

பல வருடங்களாக மெய்கண்டான் பார்த்ததெல்லாம் திரையில் ஏறி இறங்கும் விற்பனை எண்கள்தான்.

அம்மையார் கையை நீட்டினார். மெய்கண்டான் பையிலிருந்து ஒரு நாவலை எடுத்துக் கொடுத்தார். கடைசியாக அச்சிட்டது அது.

சற்று நேரத்தில் மாலை வழிபாட்டுக்கு வந்தவர்களால் ஆசிரமக் கூடம் நிறைந்தது. அன்று அம்மையார் உபதேசம் செய்யவில்லை. நாவலைப் பிரித்து வாசிக்க ஆரம்பித்தார்.

புயலுக்குப் பின், கடலுக்குப் போன கணவனைத் தேடி ஒருத்தி தனியாகப் படகைச் செலுத்துகிறாள். நாள் முழுக்கத் தண்ணீர்தான். பொழுது சாயும்போது தூரத்தில் ஒரு படகு. அதில் ஓர் ஆள் குப்புறக் கிடக்கிறான். இவள் துடுப்பைப் போட்டுவிட்டு எழுந்து நிற்கிறாள்.

அம்மையார் புத்தகத்தை மூடினார்.

கூடத்தில் யாரும் அசையவில்லை.

"அப்புறம்?" என்றது ஒரு குரல். மருத்துவமனையிலிருந்து நேரே வந்திருந்த ஒரு நர்ஸ்.

அம்மையார் மெய்கண்டானைச் சுட்டிக் காட்டினார்.

கூடமே அவர் பக்கம் திரும்பியது. இத்தனை முகங்களா! கைப்பிரதியில் இதே இடத்தைப் படித்தபோது அவரும் இப்படித்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தார். அதனால்தான் அதை அச்சிட்டார். அதையே மறந்துபோயிருந்தார்.

நர்ஸ் எழுந்து அவரிடம் வந்தாள்.

"படகுல கெடந்தது அவ வீட்டுக்காரர்தானா சார்? உசுரு இருந்துச்சா?"

"சொல்ல மாட்டேம்மா."

அவர் பையைத் துழாவிப் பேனாவை எடுத்தார்.

"புத்தகத்தை நானே கொண்டுவந்து தர்றேன். உங்க வீடு எங்க இருக்கு?"