கேட்டவரில்லாத பதில்கள்

தில்லைநாயகம் தம் குருவைவிடப் பதினெட்டு வயது மூத்தவர். சீடனுக்கு இத்தனை வயதுதான் இருக்க வேண்டுமென்று எந்தச் சாத்திரமும் சொல்லாததால், அவர் அதைப் பொருட்படுத்தவில்லை.

குருவின் பெயர் அமலோற்பவம். துறைமுகத்துப் படகுப் பதிவகத்தில் பல காலமாக ஓடிக்கொண்டிருக்கும் மெயின்ஃபிரேம் என்னும் பழைய பெருங்கணினியோடு பேசத் தெரிந்தவர் அந்த ஊரில் அவர் ஒருவர்தான். எந்தப் படகு எந்தப் பக்கம் போனது, எது கரை திரும்பியது என்பதெல்லாம் அந்த இயந்திரத்துக்கு அத்துப்படி. மீட்பு மையத்துக்குப் புதிதாக வந்த சர்வரை அதனோடு இணைக்கத்தான் தில்லைநாயகம் அவரிடம் பாடம் கேட்க வந்தார். இணைப்பைச் சரிபார்த்து முடிப்பதற்குள் புயல் வந்துவிட்டது.

மீட்புக் கப்பல்கள் தயாராக நின்றன. எந்தப் பக்கம் போவது என்பதுதான் தெரியவில்லை.

“மேடம், உங்க பெரிசு செத்துப்போச்சு.”

“யார் சொன்னா?”

“சர்வர் சொல்லுது. காலையிலேர்ந்து கேக்குது, பதிலே இல்ல.”

“அது பொறந்து ஒரு வருஷம் ஆகல. அது பேச்சைக் கேட்டு நீங்க சாவு எழுதுறீங்க.”

தில்லைநாயகம் சிரிக்கவில்லை. “நேத்து ராத்திரி எடுத்த நகல் என்கிட்ட இருக்கு. அதை வச்சுக் கப்பலை அனுப்பிடலாம்.”

“இன்னைக்கு விடியக்காலம் போனவங்க?”

தில்லைநாயகம் கையிலிருந்த நகலை மேசையில் வைத்தார்.

“சர்வர் எப்படிக் கேக்குது?” என்றார் அமலோற்பவம்.

“முப்பது விநாடி பாக்கும். பதில் வரலைன்னா தொடர்பை வெட்டிட்டு மறுபடி கேக்கும். விடாது மேடம். அப்படித்தான் எழுதியிருக்கேன்.”

“வீட்லயும் இப்படித்தான் கேப்பீங்களா?”

“வீட்ல நான் கேக்குற இடத்துல இல்ல.”

“அதைக் கொஞ்சம் வாய மூடச் சொல்லுங்க.”

சர்வர் நிறுத்தப்பட்டது. அமலோற்பவம் பழைய பச்சைத் திரையின் முன் உட்கார்ந்து, கேள்வியை ஒரே ஒரு முறை தட்டினார். பிறகு கைகளைக் கட்டிக்கொண்டார்.

திரையில் எதுவும் வரவில்லை. வெளியே காற்று ஒரு தகரத்தைப் பெயர்த்து எங்கோ கொண்டுபோய் எறிந்தது. முப்பது விநாடி கடந்தது. தில்லைநாயகத்தின் கணக்குப்படி இயந்திரம் அந்த இடத்தில் இறந்தது. அவர் கை தானாக விசைப்பலகைப் பக்கம் போயிற்று. அமலோற்பவம் திரையிலிருந்து கண்ணெடுக்காமலே அந்தக் கையை ஒதுக்கிவிட்டார்.

இன்னும் கொஞ்ச நேரம்.

பச்சை எழுத்துகள் வரிவரியாக எழுந்தன. படகின் பெயர், போன திசை, ஏறிய ஆட்கள். விடியற்காலையில் புறப்பட்டவையும் அதில் இருந்தன.

“இப்ப இதைப் பாருங்க,” என்று அவர் வேறொரு பக்கத்தைத் திறந்தார்.

காலையிலிருந்து சர்வர் கேட்ட கேள்விகள் அங்கே இருந்தன. ஒவ்வொன்றுக்கும் கீழே முழுப் பதிலும் இருந்தது. ஒவ்வொரு பதிலுக்கும் கீழே ஒரே குறிப்பு: பெறுவோர் இல்லை.

தில்லைநாயகம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். போனவை, திரும்பியவை என்று ஒவ்வொரு படகாக ஒப்பிட்டுப் பார்த்து, ஒவ்வொரு முறையும் அந்தப் பழைய இயந்திரம் வாய் திறந்திருக்கிறது. கேட்டவர் எழுந்து போய்விட்டார் என்பதற்காக ஒரு படகைக்கூட விடவில்லை. இதே கேள்விதானே என்று சலித்துக்கொள்ளவும் இல்லை. நின்றுகொண்டிருந்தவர் என்ன தோன்றியதோ, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார்.

பிறகு சர்வரின் முப்பது விநாடிப் பொறுமையை நீட்டி எழுதினார். அது ஒரு முறை கேட்டது. காத்திருந்தது. பதில் வந்தது. கப்பல்கள் கிளம்பின.

கப்பல்களின் சங்கொலி தேய்ந்த பிறகுதான் அமலோற்பவம் பச்சைத் திரையில் ஒரு வரியின் மேல் விரல் வைத்தார்.

“இது என் தம்பி படகு. விடியக்காலம் போனான்.”

தில்லைநாயகம் குனிந்து அந்த வரியைப் படித்தார்.

“தெரிஞ்சுமா கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தீங்க?”

“அது தேடிக்கிட்டிருந்துச்சு சார்,” என்றார் குரு. “தேடப் போனவங்கள வாசல்லயே நிறுத்தி, கிடைச்சுதா கிடைச்சுதான்னு கேக்கலாமா?”