வட்டாரத்தை அளந்த பசு

முன்னொரு காலத்தில் ஓர் அரசருக்குப் புகழ்ச்சி செரிக்காமல் போயிற்று. பரிசில் வாங்கிய வணிகன் ஒருவன், இந்த வட்டாரத்திலேயே தங்களைப் போல் வள்ளல் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனான். வட்டாரம் என்றால் எவ்வளவு தூரம்? நாலு தெருவா, நாடு முழுவதுமா? அரசருக்குச் சோறு இறங்கவில்லை.

சபையைக் கூட்டிக் கேட்டார். தலைமைப் பண்டிதர் திருமேனிநாதர் தொண்டையைச் செருமிக்கொண்டு, வட்டம் என்ற சொல்லிலிருந்து வட்டாரம் வந்தது என்றார். சரி, அந்த வட்டம் எங்கே முடிகிறது? பண்டிதர் சபையைச் சுற்றிப் பார்த்தார். ஆள் லேசுப்பட்டவரா? விகடகவி அம்பலத்தான் மீது அவருக்கு நெடுநாள் பொறாமை.

"வேந்தே, எல்லா வீட்டிலும் கை நனைக்கும் அம்பலத்தானே எல்லையைக் காட்டட்டும். காட்டாவிட்டால் வட்டாரத்தை விட்டே போகட்டும்" என்று கோத்துவிட்டார். அரசரும் தலையாட்டினார். மறுநாள் மாலைவரை கெடு.

அம்பலத்தான் வீட்டுக்கு வந்தான். அவன் மனைவி போட்ட கத்தரிச் செடிகள் அப்போதுதான் பூத்திருந்தன. அதையெல்லாம் விட்டுவிட்டு எங்கே போவது? கவலையோடு கொல்லைக்குப் போனால், பண்டிதரின் பசு பூவோடு செடியை மேய்ந்துகொண்டிருந்தது. பண்டிதர் அதற்குத் தீனி வைத்ததே கிடையாது. காலையில் அவிழ்த்துவிட்டால் ஊரார் கொல்லைதான் அதற்குத் தொழுவம். அவன் மனைவி விளக்குமாறும் கையுமாகப் பண்டிதரைப் பேர் சொல்லித் திட்டிக்கொண்டிருந்தாள். அம்பலத்தான் சிரித்துவிட்டான்.

மறுநாள் அரசருக்கு ஒட்டுத்தாடி வைத்து, பண்டிதருக்கு முக்காடு போட்டு, இருவரையும் அந்தப் பசுவின் பின்னால் நடத்திப்போனான். செக்கடித் தெருவில் ஒருத்தி, "திருமேனிநாதர் மாடு வந்திருச்சு, கீரையை மூடுங்கடி" என்றாள். ஏரிக்கரையில் ஒருவர், "ஒரு கட்டுப் புல்லு வாங்க அந்தப் பண்டிதனுக்கு மனசு வராதே" என்று கல்லை எடுத்தார். பண்டிதர் முக்காட்டை இன்னும் கீழே இழுத்துக்கொண்டார். ஓடையைத் தாண்டியதும் ஓர் உழவர் பசுவைத் தடவிக்கொடுத்து, "யாரு வீட்டு மாடோ, பாவம், தண்ணி காட்டுங்க" என்றார்.

அம்பலத்தான் அங்கேயே கோலை ஊன்றினான். "அரசே, யார் வீட்டு மாடு என்று தெரிந்து, பேர் சொல்லித் திட்டும் இடம் வரைக்கும்தான் வட்டாரம். இதோ எல்லை."

"அப்படியானால் என் பேர் எதுவரை?" என்றார் அரசர் ஆவலாக.

"அதற்குத் தாங்களும் ஒருநாள் கீரைப் பாத்தியில் இறங்க வேண்டும், அரசே."

அரசர் ஓடைக்கரையிலேயே உட்கார்ந்து, ஒட்டுத்தாடி கழன்று விழச் சிரித்தார். அம்பலத்தானுக்குப் பட்டாடையும், அவன் மனைவியின் கொல்லைக்கு நல்ல முள்வேலியும் கிடைத்தன. வேலி கட்டியவர் பண்டிதர். அன்று மாலை அவர் வீட்டுப் பசு முதன்முறையாகத் தன் வீட்டுப் புல்லைத் தின்றது.