ஒத்தைக்காதிக்காரியைத் தேடிப் போன கதை

முன்னொரு காலத்திலே, மலைகளுக்கெல்லாம் பேர் வைத்து முடிக்காத காலத்திலே, ஏழுகிரி என்றொரு நாடு இருந்தது. அங்கே மலைக்கு ஓர் ஆள்தான் ஆடு மேய்த்தார். பேச்சுத் துணைக்கு யாரும் கிடையாது. பாவம், ஆட்டிடம் எவ்வளவுதான் பேசுவது?

இதைப் பார்த்த கடகோரன் என்ற மந்திரவாதி மலைக்கொரு குளம் வெட்டினான். ஒரு குளத்தங்கரையில் பேசினால் மற்ற ஆறு குளங்களிலும் கேட்கும். எல்லாம் சும்மா! இவன் ஏன் சும்மா கொடுக்கிறான் என்று யாருமே கேட்கவில்லை.

விடிந்ததும் குளத்தில் கூடுவார்கள். வைத்தியம் கேட்பார்கள், வம்பளப்பார்கள், தப்பு செய்தவரைக் கிழி கிழியென்று கிழிப்பார்கள். ஆட்டின் பேரைச் சொல்லித்தான் ஆளைக் கூப்பிடுவார்கள். வீராயி அங்கே கொம்பிக்காரி. அவளுடைய உயிர்த்தோழி ஒத்தைக்காதிக்காரி. தோழியின் ஆட்டுக்கு என்றைக்குச் சளி பிடித்தது என்பதுவரை வீராயிக்குத் தெரியும். தோழியின் பேரையும் ஊரையும் கேட்கத்தான் தோன்றவில்லை.

முதல் வருஷம் கடகோரன் பேச்சுக்கு நடுவே கொம்பு ஊதினான். பொறுத்துக்கொண்டார்கள். அடுத்த வருஷம் சண்டைக்காரர்களின் குரலை மட்டும் உரக்கக் கேட்கவைத்தான். பொறுத்துக்கொண்டார்கள். மூன்றாம் வருஷம், "பேசுகிறவர் குரலில் தினம் ஒரு துளி எனக்கு" என்றான். எல்லாருக்கும் தொண்டை கம்மியது.

பாறைச் சுனைகள் பூமிக்கடியில் ஒன்றோடொன்று சேர்ந்திருப்பதையும், அங்கே பேசினாலும் எல்லா மலைக்கும் கேட்பதையும் ஒருவர் கண்டுபிடித்துச் சொல்ல, அன்று காலையே எல்லாரும் சுனைக்குக் குடிபெயர்ந்தார்கள். கடகோரனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. குளத்தை விட்டுப் போவதைப் பற்றி யார் பேசினாலும் அந்தச் சொல் அடுத்த குளத்துக்குப் போகாமல் குமிழியாகி உடையட்டும் என்று மந்திரம் போட்டான்.

அன்று ஒத்தைக்காதிக்காரி மட்டும் தூரத்து மேய்ச்சலில் இருந்தாள்.

சுனையில் அவள் குரலைக் காணாத வீராயி பழைய குளத்துக்கு ஓடினாள். "எல்லாரும் இருக்கீங்களா?" என்று தோழியின் குரல் கரகரத்தது. "இருக்கோம், இருக்கோம், பேசு பேசு!" என்று ஆறு குரல்கள் பதில் சொல்லின. அதில் ஒன்று வீராயியின் குரல்! திருடிய துளிகளை வைத்துக் கடகோரன்தான் பேசுகிறான். ஒருத்தி பேசினாலே அவன் குளம் வற்றாது. அவளோ ஊமையாகிவிடுவாள்.

"அது நான் இல்லடி, எந்திரிச்சுப் போயிரு!" என்று கத்தினாள் வீராயி. அத்தனையும் குமிழி.

கம்பை எடுத்துக்கொண்டு நடந்தாள். முதல் மலையில் ஏறி, "ஒத்தக்காதீ, வாடியோவ்!" என்றாள். ஒரு கௌதாரி பறந்தது. இரண்டாம் மலையில், "ஒத்தக்காதீ, வாடியோவ்!" என்றாள். ஒரு நாய் வாலாட்டிக்கொண்டு வந்தது. மூன்றாம் மலையில் கூப்பிட்டபோது, எலும்பும் தோலுமாக ஒற்றைக் காதுள்ள ஆடு வந்து கையை முகர்ந்தது. வீராயிக்கு அழுகையே வந்துவிட்டது.

ஆடு கூட்டிப்போன குளத்தங்கரையில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். "நான்தான்டி கொம்பிக்காரி! நாங்க எல்லாரும் சுனைக்குப் போயிட்டோம், வா" என்றாள் வீராயி.

"பொய். கொம்பிக்காரி இங்க இருக்கா" என்று அவள் கிசுகிசுத்தாள்.

"இங்கதான் இருக்கேன், பேசு பேசு!" என்றது குளம்.

வீராயி ஆட்டின் ஒட்டிய வயிற்றைப் பார்த்தாள். "சரி, ஆட்டை இத்தனை நாளாப் பட்டினி போட்டதைச் சொல்லிப் பாரு."

அவள் சொன்னாள்.

"நல்லது, நல்லது, பேசு பேசு!" என்றது குளம்.

அவள் முகம் மாறியது. "நல்லதா? எங்க ஆளுங்க இதுக்கு என்னை உண்டு இல்லைனு ஆக்கியிருப்பாங்களே!" என்று எழுந்துவிட்டாள்.

பேச ஆளில்லாத குளம் சடசடவென்று வற்றியது. அடியில் கிடந்த குரல் துளிகள் அவரவர் தொண்டைக்குப் பறந்தன. கடகோரன் கொம்பைத் தூக்கிக்கொண்டு நாட்டை விட்டே ஓடினான்.

"உன் பேரென்னடி?" என்றாள் வீராயி.

"அங்கம்மா" என்றாள் அவள், கணீரென்று.

மறுநாள் காலை சுனையில் அங்கம்மா பேச ஆரம்பித்தாள். வெயில் உச்சிக்கு வந்தும் நிறுத்தவில்லை. மற்ற ஆறு மலையிலும் ஆடுகள் பசியில் கத்தின; ஒருவரும் அவளைப் போதும் என்று சொல்லவில்லை. இவ்வளவுதான் கதை, கேட்டவர்கள் குரலும் நன்றாக இருக்கட்டும்.