ஆலங்காட்டுக்கு யார் தலைவன்?

செண்பகமாற ராஜாவுக்குக் கோடை மாளிகை மேல் ஆசை வந்துவிட்டது. ஆசை ராஜாவுக்கு, பாரம் ஆலங்காட்டு மக்களுக்கு. மலையிலிருந்து தேக்கு மரங்களை அவர்கள்தான் இழுத்து வர வேண்டும். மூன்றாம் மாதம் ஒரு மரம் உருண்டு இரண்டு பேருக்குக் கால் நசுங்கியது. மறுநாளே அரண்மனை ஓலை வந்தது: "அவர்களுக்குப் பதில் வேறு இரண்டு பேர் வரட்டும்."

ஊரே கயிற்றைக் கீழே போட்டுவிட்டது.

ராஜாவுக்குக் கண் சிவந்தது. சபையில் சாதுர்யமாகப் பேசியே பிழைத்துவந்த பொன்னரங்கனைக் கூப்பிட்டார்.

"ஒரே வார்த்தையில் ஒரு ஊரையே எழுப்பிவிட்டிருக்கிறான் ஒருத்தன். அவன்தான் தலைவன். பிடித்து வா. தேக்கு மரத்தை ஒற்றை ஆளாக இழுக்க வைக்கிறேன். மூன்று நாளில் அவன் வராவிட்டால் கயிறு உன் தோளுக்கு."

பொன்னரங்கன் தன் தோளைத் தடவிப் பார்த்துக்கொண்டான். புத்தகம் தூக்கிப் பழகிய தோள் அது.

ஆலங்காட்டில் பாய் முடைந்துகொண்டிருந்த மாடத்தியிடம் விசாரித்தான். கால் நசுங்கியவர்களில் ஒருவன் அவள் புருஷன்.

"உங்க தலைவர் யாரம்மா?"

"அப்படி யாரும் இல்லைங்க. எல்லாரும் உட்கார்ந்து பேசினோம். போறதில்லைன்னு முடிவாச்சு."

"முதலில் பேசியது யார்?"

"எல்லாரும் ஒரே நேரத்துல கத்தினோம். அதுல முதல் எது, கடைசி எது?"

"எப்போதும் இவ்வளவு ஒற்றுமைதானா?"

மாடத்தி சிரித்துவிட்டாள். "எங்க ஊரா? வாய்க்கால் தண்ணிக்குப் பத்து வருஷமா கீழத்தெருவும் மேலத்தெருவும் பேச்சுவார்த்தை இல்லை. அந்த ஓலையைப் படிச்சுக் காட்டின அன்னைக்குத்தான் சேர்ந்து உட்கார்ந்தோம்."

பொன்னரங்கனுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. அந்த ஓலையை வாங்கிக்கொண்டு, மாடத்தியையும் பத்துப் பேரையும் அழைத்துக்கொண்டு சபைக்குத் திரும்பினான்.

"தலைவன் அகப்பட்டானா?" என்றார் ராஜா.

"அகப்பட்டார், மகாராஜா. பத்து வருஷப் பகையை ஒரே வார்த்தையில் தீர்த்து, ஊரையே எழுப்பியவர். அவர் எழுதிய ஓலையும் கையில் இருக்கிறது."

ராஜா ஓலையை வாங்கினார். அடியில் அவருடைய முத்திரை.

ராஜா ஓலையை இரண்டு முறை படித்தார். பிறகு எழுந்து, மாளிகைக்காக வந்து முற்றத்தில் கிடந்த தேக்கு மரத்தருகே போனார். சொன்ன சொல் மாறாதவர் என்ற பெயர் அவருக்கு உண்டு. கயிற்றைத் தோளில் போட்டு இழுத்தார். தலைப்பாகைதான் நகர்ந்தது. இன்னொரு முறை இழுத்துவிட்டு மரத்தின் மேலேயே உட்கார்ந்தார்.

"இதை எத்தனை பேர் இழுப்பீர்கள்?"

"நாப்பது பேர்," என்றாள் மாடத்தி. "இப்போ முப்பத்தெட்டு."

ராஜா வெகுநேரம் தோளைத் தேய்த்துக்கொண்டிருந்தார். "மாளிகை வேண்டாம். காயம்பட்டவர்களுக்கு அரண்மனை வைத்தியர் வருவார்," என்றார். பிறகு பொன்னரங்கனைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தார். "என்னையே பிடித்துக் கொடுத்தாயே. உனக்குப் பரிசு உண்டு. இன்று முதல் ஆலங்காட்டுக்கு நீதான் தலைவன்."

பொன்னரங்கன் தயக்கத்தோடு மாடத்தியைப் பார்த்தான்.

அவள் அவனை மேலும் கீழுமாக ஒரு முறை அளந்தாள்.

"வரட்டுங்க," என்றாள். "நாற்று நட ஒரு ஆள் குறையுது."