தோற்றவர்களின் கதவு

சூசை கால்பந்து ஆடிய காலத்தில் அவன் பெயரைக் கேட்டாலே நடுவர்கள் முகம் சுளிப்பார்கள். பின்வரிசை ஆட்டக்காரன். பந்தைத் துரத்தியதைவிட நடுவரைத் துரத்தியதுதான் அதிகம் என்று அவனைப் பற்றிக் கேலியாகச் சொல்வார்கள். வயதாகி அணியில் இடம் போன பிறகு, என்ன நினைத்தானோ, நடுவர் பயிற்சிக்கு எழுதிப் போட்டான்.

“திருடன் போலீஸ் வேலைக்குப் போறான்” என்று பழைய கூட்டாளிகள் சிரித்தார்கள்.

அவனைப் பழக்கும் பொறுப்பு செண்பகவல்லியிடம் வந்தது. ரயில்வேயில் வேலை பார்ப்பவர். மாநிலத்தின் முதல் பிரிவு ஆண்கள் லீக்கில் விசில் ஊத வந்த முதல் பெண். சூசையைவிட ஐந்தாறு வயது இளையவர். அவன் அவரை மேடம் என்றான். அவர் அவனை அண்ணே என்றார். கற்றுக்கொடுப்பவர் அண்ணே என்று கூப்பிடுவது முதலில் கூச்சமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது.

அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை.

“கொடி தூக்குறதுக்கு முன்னாடி என்ன நினைக்கணும் மேடம்?”

“ஒண்ணும் நினைக்காதீங்க. பாருங்க.”

அவ்வளவுதான் பாடம்.

அந்த வருஷ அரையிறுதி முள்ளிக்கரையில் நடந்தது. உள்ளூர் அணிக்கும் வெள்ளாற்றூர் அணிக்கும் ஆட்டம். செண்பகவல்லி நடுவர். கோட்டோரம் கொடி பிடிக்கும் துணை நடுவராகச் சூசை. இது நல்லபடியாக முடிந்தால் இறுதி ஆட்டமும் செண்பகவல்லிக்குத்தான் என்று சங்கத்தில் பேச்சிருந்தது.

அவர் மைதானத்துக்குள் கால் வைத்ததுமே கேலரியில் ஆரம்பித்துவிட்டார்கள். “கோட்டைப் பாத்து ஓடு, கோலம் போட்டுறாதே” என்று ஒருவன் கத்த, ஒரு பக்கமே சிரித்தது. செண்பகவல்லி கடிகாரத்தைச் சரிபார்த்துக்கொண்டு நடுக்கோட்டுக்குப் போனார்.

முதல் பாதியில் வெள்ளாற்றூர் கேப்டன் தனிஸ்லாஸ் ஒரு ஃப்ரீகிக் கேட்டு அவர் முகத்துக்கு நேரே வந்து நின்றான். “உன்னையெல்லாம் யாரு உள்ள விட்டது?” என்றான். அவர் மஞ்சள் அட்டையைக் காட்டினார். “தனிஸ்லாஸ், உங்க இடத்துக்குப் போங்க” என்றார். குரல் ஏறவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அதே தனிஸ்லாஸின் காலை முள்ளிக்கரை ஆள் ஒருவன் இடறி விட்டான். அவன் தரையில் விழுவதற்குள் விசில் கேட்டது. ஃப்ரீகிக் வெள்ளாற்றூருக்கு.

இடைவேளையில் சூசைக்குப் பொறுக்கவில்லை.

“அவன் உங்களை அந்தப் பேச்சு பேசினான். நீங்க அடுத்த விசிலையே அவனுக்கு ஊதுறீங்க.”

“காலை இடறி விட்டாங்கள்ல?”

“விட்டாங்கதான். இருந்தாலும்...”

“இருந்தாலும்னு ஒரு விதி இருக்கா அண்ணே?”

சூசை தண்ணீரைக் குடித்துவிட்டுக் கொடியை எடுத்துக்கொண்டான்.

இரண்டாம் பாதியில் முள்ளிக்கரை அவன் நின்ற பக்கத்துக் கோலை நோக்கி ஆடியது. அவன் முதுகுக்குப் பின்னால் உள்ளூர் கேலரி. எதிரணித் தடுப்பாளர்களைத் தாண்டி ஆள் முன்னால் நின்ற ஆஃப்சைடுக்கு இரண்டு முறை கொடி தூக்கினான். இரண்டும் சரியான கொடி. முதல் கொடிக்கு அவன் அம்மாவை இழுத்துத் திட்டினார்கள். இரண்டாவதுக்குத் தண்ணீர் பாக்கெட் ஒன்று பிடரியில் வந்து விழுந்து உடைந்தது. “திரும்பி வீட்டுக்குப் போகணும்ல? பாத்துக்கோ” என்று ஒரு குரல் நிதானமாகச் சொன்னது. கத்தியவர்களைவிட அந்த நிதானம்தான் அவனுக்குள் இறங்கியது. இத்தனை வருஷம் மைதானத்தின் நடுவில் நின்று கத்தியவன் அவன். ஓரத்தில் தனியாக நிற்பது எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை.

கடைசி நேரம். இரு பக்கமும் கோல் இல்லை. முள்ளிக்கரை பாதியிலிருந்து ஒரு நீளப் பந்து வந்தது. அது காலைவிட்டுக் கிளம்பும்போதே அவர்களுடைய முன்வரிசை ஆள் கடைசித் தடுப்பாளரைத் தாண்டி முழுதாக ஓர் எட்டு முன்னால் நின்றான். சூசை பார்த்தான். நன்றாகவே பார்த்தான். கொடி பிடித்த கை தொடையோடு ஒட்டிக்கொண்டது.

பந்து வலைக்குள் போனது.

செண்பகவல்லி சூசையைப் பார்த்தார். அவன் கொடியைத் தாழ்த்திப் பிடித்தபடி நடுக்கோட்டை நோக்கி ஓடினான். அதற்கு அர்த்தம், கோல் சரி என்பது. அவர் மைதானத்தின் நடுவைக் காட்டினார்.

வெள்ளாற்றூர் அணி மொத்தமும் அவரைச் சூழ்ந்துகொண்டது. “ஆஃப்சைடு தெரியலையா?” “எவ்வளவுக்கு வித்தே?” “பொம்பளைய வச்சு ஆட்டம் நடத்தினா இப்படித்தான்.” அத்தனை பேரும் அவரிடம்தான் போனார்கள். சூசையிடம் ஒருவனும் வரவில்லை. அது அவனுக்கு ஆறுதலாக இருந்தது. ஆறுதலாக இருந்ததை நினைத்தபோது உடம்பு கூசியது.

வெள்ளாற்றூர் தோற்று வெளியேறியது.

நடுவர்கள் போலீஸ் துணையோடு தங்கள் அறைக்கு வந்தார்கள். கொஞ்ச நேரத்தில் ஆட்டத்தை மேற்பார்க்க வந்திருந்த அதிகாரி உள்ளே வந்து போனை நீட்டினார். டிவியில் ஓடிய அந்தக் கோல் காட்சியை யாரோ அனுப்பியிருந்தார்கள். செண்பகவல்லி ஒருமுறை பார்த்தார். இன்னொரு முறை போடச் சொல்லவில்லை.

“விடுங்கம்மா, நடக்கிறதுதான்” என்றார் அதிகாரி. “ரிப்போர்ட்ல எழுதிட்டா போதும். முன்னாடி டிவிக்காரங்க நிக்கிறாங்க. வண்டியப் பின்பக்கம் வரச் சொல்லியிருக்கேன். ஃபைனல் உங்களுக்குன்னுதான் இருந்தாங்க. இனிமே... பாப்போம்.”

செண்பகவல்லி தலையாட்டிவிட்டுக் குனிந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார். முடிச்சு விரலுக்கு அகப்படவில்லை. பெஞ்சில் அவருடைய போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. எடுக்கவில்லை.

“மேடம்” என்றான் சூசை. “நான் பாத்தேன்.”

“என்ன பாத்தீங்க?”

“ஆஃப்சைடு. பந்து கிளம்பும்போதே பாத்தேன். கை தூக்கலை. பயந்துட்டேன்.”

கயிற்றிலிருந்த விரல்கள் நின்றன. அவர் நிமிர்ந்து சூசையைப் பார்க்கவில்லை. தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே கேலரியில் வெடி வெடித்தார்கள்.

“ரிப்போர்ட்ல நீங்களே எழுதுங்க” என்றார்.

“எழுதுறேன்.”

கயிற்றை மறுபடி இறுக்கிக் கட்டிக்கொண்டு அவர் எழுந்தார். பையைத் தோளில் போட்டார். பின்பக்கம் போகாமல் எதிர்த்திசையில் நடந்தார். அங்கே வெள்ளாற்றூர் அணியின் அறை இருந்தது.

அதிகாரி பதறிப் பின்னால் வந்தார். “அங்க எதுக்கு? அவங்க இருக்கிற நிலைமையில... நடுவர் போய்ச் சொல்லணும்னு விதியில எங்கயும் இல்லையேம்மா.”

“இல்லைதான் சார்” என்றார் செண்பகவல்லி. நடையை நிறுத்தவில்லை. சூசை பின்தொடர்ந்தான்.

கதவைத் தட்டினார். தனிஸ்லாஸ்தான் திறந்தான். உள்ளே தைல வாடை. மூலையில் ஒருவன் தலைமேல் துண்டைப் போட்டுக்கொண்டு அழுதுகொண்டிருந்தான். மற்றவர்கள் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

“உள்ள வரலாமா?”

தனிஸ்லாஸ் வழி விடவில்லை. அவர் வாசலிலேயே நின்றுகொண்டார்.

“அந்தக் கோல் ஆஃப்சைடு. இப்பத்தான் பாத்தேன். நான் கொடுத்தது தப்பு. இனிமே அதை மாத்த முடியாது. உங்ககிட்ட நேர்ல சொல்லணும்னு வந்தேன்.”

“நேர்ல சொன்னா ஃபைனல் திரும்பி வந்துருமா?” என்றான் தனிஸ்லாஸ்.

“வராது.”

“அதுக்குத்தான் சொல்றது. பொம்பளைங்கள இதுல விட்டா இதுதான்.”

செண்பகவல்லியின் தோளுக்குப் பின்னால் நின்ற சூசை முன்னால் வந்தான்.

“தம்பி” என்றான். “கொடி பிடிச்சவன் நான். ஆஃப்சைடைக் கண்ணால பாத்தவன் நான். கேலரிக்குப் பயந்து கையத் தூக்காம நின்னது பொம்பளை இல்லை.”

துண்டைப் போட்டிருந்தவன் தலையைத் தூக்கினான். தனிஸ்லாஸ் சூசையைப் பார்த்தான், பிறகு செண்பகவல்லியைப் பார்த்தான். கதவைச் சாத்தினான். உள்ளே தாழ் விழும் சத்தம் கேட்டது.

இருவரும் நடைவழியில் திரும்பி நடந்தார்கள். சூசைக்கு நெஞ்சு கொதித்துக்கொண்டிருந்தது. அது யார்மேல் வந்த கோபம் என்று அவனுக்கே பிடிபடவில்லை.

“விதியில இல்லை. வான்னு கூப்பிட்டவனும் இல்லை” என்றான். “நீங்களாப் போய்த் தப்புன்னு சொன்னீங்க. மூஞ்சியில அடிச்ச மாதிரி கதவைச் சாத்துறான். நாளைக்கு ஊரெல்லாம் பேசும், அந்தம்மாவே ஒத்துக்கிட்டாங்கன்னு. அந்த ரூம்ல உங்களுக்கு ஒரு துளி மரியாதை கிடைச்சுதா மேடம்?”

“இல்லை.”

“அப்புறம் எதுக்குப் போனீங்க?”

செண்பகவல்லி பையை அடுத்த தோளுக்கு மாற்றிக்கொண்டார்.

“வாங்கப் போகலை அண்ணே” என்றார். “கொடுக்கப் போனேன்.”