வேப்பிலை கட்டிய புல்வெளி

ரொம்பக் காலத்துக்கு முன்னால் வெண்குடி நாட்டைக் கோடைவர்மன் என்கிற ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் எதைப் பார்த்தாலும் அது உடனே வேண்டும். நாளைக்கு என்று யாராவது சொன்னால் மூஞ்சி சிவந்துவிடும்.

ஒருமுறை பக்கத்து நாட்டு ராஜா வீட்டு விருந்துக்குப் போனான். அங்கே அரண்மனை வாசல் முழுக்கப் புல்வெளி, பச்சைக் கம்பளம் விரித்த மாதிரி. விருந்து தொண்டையில் இறங்கவில்லை. ஊர் திரும்பியதும் கத்தினான்: "நம்ம முற்றத்துலயும் புல்லு வேணும். இப்பவே!"

விதை தூவி முளைக்கிறவரை அவனாவது காத்திருப்பதாவது! ஏரிக்கரைப் புல்லை மண்ணோடு பாளம் பாளமாகப் பேர்த்துவந்து பரப்பினார்கள். சாயங்காலத்துக்குள் முற்றம் பச்சை.

மந்திரி அம்பலவாணன் மட்டும் சந்தோஷப்படவில்லை. "மகாராஜா, இது இன்னும் வேர் பிடிக்கல. சும்மா மண்ணு மேல படுத்துக் கிடக்கு. வேர் இறங்கறவரைக்கும் அடிமண்ணு காயாம தண்ணி ஊத்தணும். யாரும் மிதிக்கக் கூடாது. நீங்களும்தான்."

சபையில் வல்லபராயர் என்று ஒருத்தர். மந்திரி பதவி தனக்கு வந்திருக்க வேண்டும் என்று வருஷக்கணக்காகப் புழுங்குகிற ஆள். எழுந்து கும்பிட்டார். "ராஜா பாதம் பட்டா பட்ட மரமே துளிர்க்கும். புல்லு செத்துப்போகுமாமே! என்ன பேச்சு இது?"

போதாதா? மறுநாள் காலையிலேயே ராஜா புல்லில் உலாத்தினான். அந்த நாட்டு மரியாதைப்படி, ராஜா கால் வைத்த இடத்தில் சபையே பின்னால் நடக்க வேண்டும். விசிறிக்காரன், குடைக்காரன், புலவர், படைத் தலைவன் எல்லாரும் நடந்தார்கள். ஈர மண்ணில் குழி விழுந்தது, பாளங்கள் நகர்ந்தன, ஓரங்கள் அப்பளம் மாதிரி சுருண்டன. கொஞ்ச நாளில் முற்றமே வைக்கோல் நிறம்.

"ஓய் மந்திரி, என்னய்யா பண்ணி வெச்சிருக்கீர்?" என்றான் ராஜா.

"நான் பண்ணல. நீங்க மிதிச்சீங்க."

வல்லபராயர் ராஜாவின் காதில் ஏதோ ஓதினார். ராஜா எழுந்து நின்றான். "மறுபடி புல்லு பரப்பும். பக்கத்து நாட்டு ராஜா தைப்பூசத்துக்கு இங்க வர்றான். அன்னிக்கு இது பச்சையா இல்லேன்னா, நீர் குடும்பத்தோட எல்லையத் தாண்டிப் போயிடும்!"

அம்பலவாணனுக்கு வீட்டில் கைக்குழந்தை. போக வேறு ஊர் கிடையாது. ஆனாலும் விடுவதாக இல்லை. தண்ணீர் ஊற்ற ஆள் போடலாம். ராஜாவின் காலை யார் கட்டுவது? சொன்னால் கேட்கிற ஜென்மமா அது?

புதுப் புல்லைப் பரப்பினான். பாளத்துக்கும் பாளத்துக்கும் நடுவே மண்ணைத் தூவி அமுக்கினான். அடிவரை நனைய நனையத் தண்ணீர் விட்டான். அப்புறம் சுற்றிலும் கம்பு நட்டு, கயிறு கட்டி, உள்ளே இருப்பது தெரியாதபடி கயிறு முழுக்க வேப்பிலைக் கொத்தைத் தொங்கவிட்டான்.

காலையில் ராஜா வந்தான். தூக்கிய கால் அப்படியே நின்றது. அம்மை கண்ட வீட்டு வாசலில்தானே வேப்பிலை தொங்கும்?

"என்னய்யா இது? உள்ள யாரு?"

"வேற இடத்துலேர்ந்து வந்த உடம்பு, மகாராஜா. சூடு ஆகாது. குளிர்ச்சியாவே வெச்சிருக்கணும். தண்ணி ஊத்தறவங்க தவிர யாரும் கிட்டப் போகக் கூடாது."

ராஜா கன்னத்தில் போட்டுக்கொண்டு பின்னால் நகர்ந்தான். சபையும் கன்னத்தில் போட்டுக்கொண்டு நகர்ந்தது. வல்லபராயர் எல்லாரையும்விட ரெண்டு அடி கூடுதலாகவே நகர்ந்தார்.

தினமும் ராஜா தூரத்தில் நின்று விசாரிப்பான். "தலைக்குத் தண்ணி எப்போ ஊத்துவீங்க?"

"ஊத்திக்கிட்டேதான் இருக்கோம், மகாராஜா."

தைப்பூசமும் வந்தது. விருந்தாளி ராஜா பல்லக்கை விட்டு இறங்கினான். அம்பலவாணன் வேப்பிலையை அவிழ்த்தான். கண்ணு கூசுகிற பச்சை.

வல்லபராயருக்கு அப்போதுதான் உறைத்தது. "மகாராஜா, மோசம்! உள்ள அம்மையும் இல்ல, ஒண்ணும் இல்ல. வெறும் புல்லு! இந்த ஆளு உங்களை ஏமாத்திட்டாரு. புல்லும் ஏமாத்து வேலைதான். நேத்து ராத்திரி கொண்டுவந்து போட்டிருப்பாரு, பாருங்க!" குனிந்து ஒரு பாளத்தின் ஓரத்தை ரெண்டு கையாலும் பிடித்து இழுத்தார். வரவில்லை. காலை ஊன்றிப் பல்லைக் கடித்து இழுத்தார். நாலு புல் நுனி கையோடு வர, ராயர் மல்லாக்க விழுந்தார். தலைப்பாகை உருண்டு விருந்தாளி காலடியில் போய் நின்றது.

விருந்தாளி சிரித்துவிட்டான். கோடைவர்மன் சிரிக்கவில்லை. "மந்திரி, ராஜாகிட்டயே பொய் சொன்னீரா?"

"ஒரு பொய்யும் சொல்லல. ஏரிக்கரையிலேர்ந்து வந்தது நிஜம். சூடு ஆகாதுங்கறது நிஜம். மிதிக்கக் கூடாதுன்னு மொதல்லயே வாயால சொன்னேன். நீங்க கேட்கல. இலை சொன்னா கேக்கறீங்க, மந்திரி சொன்னா கேக்க மாட்டேங்கறீங்க. நான் என்ன பண்ணட்டும்?"

ராஜாவின் மூஞ்சி சிவந்தது. கீழே பார்த்தான். ராயர் பிடித்து இழுத்த பாளம் அசையாமல் கிடந்தது. சிவப்பு மெல்ல இறங்கி, தொப்பை குலுங்கச் சிரித்தான்.

தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரி கழுத்தில் போட்டான். "இந்தப் புல்லுக்கு இனிமே நீர்தான்யா ராஜா. ராயரே, இழுக்கறதுல உமக்கு அவ்வளவு ஆசையா? நாளைலேர்ந்து இதுல முளைக்கற களை அத்தனையும் நீரே பிடுங்கும்."

அப்புறம் விருந்தாளியின் கையைப் பிடித்துக்கொண்டு புல் ஓரம்வரை வந்தான். காலைத் தூக்கினான். நின்றான். பிறந்ததிலிருந்து யாரிடமும் எதற்கும் அனுமதி கேட்காத ராஜா, திரும்பி மந்திரியைப் பார்த்தான்.

"இப்பப் போகலாமாய்யா?"

"போகலாம், மகாராஜா. செருப்பைக் கழட்டிட்டுப் போங்க."

ராஜா கழற்றினான். பின்னாலிருந்த சபை மொத்தமும் குனிந்து கழற்றியது.