குட்டி நலம் விசாரித்த கிழங்குக் கடை

காட்டுக் குளத்தங்கரையில் ஒரு முள்ளம்பன்றி கிழங்குக் கடை போட்டிருந்தது. பழம் வாங்கிக்கொண்டு கிழங்கு கொடுக்கும். மண்ணைக் குடையத் தெரிந்த அளவுக்கு அதற்கு முகம் கொடுத்துப் பேசத் தெரியாது. எதிர்க்கரையில் கரடி தேன் விற்றது. வருகிறவர்களிடம் வாய் ஓயாமல் பேசும். கூட்டமெல்லாம் அங்கேதான். முள்ளம்பன்றியின் கிழங்குகள் வெயிலில் சுருங்கிக் கிடந்தன.

பொறுக்க முடியாமல் அது மைனாவைக் கூப்பிட்டது.

"காடெல்லாம் பறக்கிறவள் நீ! யார் வீட்டுல என்ன நடக்குதுன்னு பார்த்துட்டு வா. கடைக்கு வர்றவங்களைச் சொந்தக்காரி மாதிரி விசாரி!"

"அவங்ககிட்டயே கேட்டுடட்டுமா?"

"கேட்டா என்ன சுவை இருக்கு? கேக்காமலே தெரிஞ்சாத்தான் மயங்குவாங்க!"

மைனா காடெல்லாம் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து, கடை வாசலில் உட்கார்ந்து வேலையில் இறங்கியது.

"வாங்க குரங்கண்ணே! முதுகு வலி தேவலையா? உங்களுக்குன்னே பிஞ்சுக் கிழங்கு எடுத்து வச்சிருக்கு!"

குரங்குக்குத் தலைகால் புரியவில்லை. "அடேயப்பா, நம்ம முதுகைக்கூட விசாரிக்கிறாங்களே!" கை நிறைய வாங்கி, அங்கேயே உட்கார்ந்து தின்றது. மற்றவர்களும் மொய்த்தார்கள். முள்ளம்பன்றி பூரித்துப் போனது.

அப்போது ஒரு மான் வந்தது. குட்டி போட்ட களைப்பு அதன் நடையில் தெரிந்தது.

"வாங்க மானக்கா! குட்டி நலமா? மொட்டைப் பாறைக்குப் பின்னால, ஆவாரம் புதருக்குள்ள தனியாப் படுத்திருக்கே, பாவம்! பால் ஊற இந்தக் கிழங்கைத் தின்னுட்டுச் சீக்கிரம் போங்க!"

குளக்கரையில் எல்லோரும் திடுக்கிட்டு மைனாவைப் பார்த்தார்கள். மான் தன் குட்டியை எங்கே ஒளித்திருக்கிறது என்று அந்தக் காட்டில் யாரும் கேட்பதில்லை. தெரிந்தாலும் வாய் திறப்பதில்லை.

நாணல் விலகியது. உள்ளே தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த சிறுத்தை தலை நிமிர்ந்தது.

"ரொம்ப நல்லா விசாரிக்கிறீங்க!" என்றது. வாயை நக்கிக்கொண்டு பாறைப் பக்கம் நடந்தது.

முள்ளம்பன்றிக்கு முட்களெல்லாம் சிலிர்த்தன. "ஐயோ! ஓடுங்கக்கா! ஏன் நிக்கிறீங்க?"

மான் ஓடவில்லை. நின்ற இடத்திலேயே நின்றது. பெற்றவளா இவள்! என்று முள்ளம்பன்றி பதறியது. குட்டியின் அலறல் கேட்டுவிடுமோ என்று காதைப் பொத்திக்கொண்டது.

வெகு நேரம் கழித்து, தூரத்தில் சிறுத்தை வெறும் வாயோடு மலைச்சரிவில் ஏறி மறைந்தது. அதற்குப் பிறகுதான் மான் மூச்சு விட்டது.

"காலையில இந்த மைனா புதருக்குள்ள எட்டிப் பார்த்துச்சு. மனசு கேக்கல. குட்டியை அப்பவே வேற இடத்துக்கு மாத்திட்டேன். நான் குட்டிகிட்ட ஓடியிருந்தா அந்தப் பாவி என் பின்னாலயே வந்திருப்பான்."

"அக்கா... நான் அன்பா விசாரிக்கத்தானே சொன்னேன்..."

"அன்பா? ஒரு நாளாவது என் முகத்தைப் பார்த்து என்ன வேணும்னு கேட்டிருக்கியா? வேவு பார்த்துட்டு, அதுக்கு விசாரிப்புன்னு பேரா!"

குரங்கு பாதி தின்ற கிழங்கைக் கீழே வைத்தது. "முதுகு வலின்னு நான் யார்கிட்டயும் சொல்லலையே!" ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

குரங்கு விட்டுப்போன பாதிக் கிழங்கை முள்ளம்பன்றி எடுத்து ஓரமாக வைத்தது.

வாங்க வருகிறவரின் மனதில் இடம்பிடிக்க நினைப்பவர், அவருக்குத் தெரியாமல் துருவிப் பார்க்காமல், முகம் பார்த்துக் கேட்டு, அவர் சொன்னதைத் தன்னோடு வைத்துக்கொள்ள வேண்டும்.